ஏழாவது பாட்டில் வரும் நீ

வியாழக்கிழமை ராத்திரி எட்டரைக்கு
சல்மாபாத் கராஜ்களுக்குப் பின்னால்
முன்பு டயர் குடோனாக இருந்த கூடத்தில்
நாங்கள் வாசிக்கிறோம்.
இதுவரை நாற்பத்தோரு டிக்கெட்.
அதில் ஆறு ரொடெலின் சர்ச்சுக்காரர்கள்,
அவன் தாளத்துக்கு அல்ல, முகத்துக்கு வாங்கியவர்கள்.

ஆல்பத்தின் பெயர் 'கம்ப்ரஸர்'.
பகலெல்லாம் ஏசி கம்பெனியில் கொட்டேஷன் அடிப்பவள்
வேறென்ன பெயர் வைப்பேன்.
குதைபியா ஃப்ளாட்டின் சன்னலோரம் அது உறுமும் சுருதி
ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே.
நிறுத்திவிட்டுப் பாட முடியாது, ஆகஸ்ட்.
அதனால் கிதாரை அதற்கு ஏற்றினேன்.
ஒன்பது பாட்டும் அந்த உறுமலின் மடியில்தான்.
ஹெட்ஃபோனில் கேட்டால்
ஐந்தாவதின் நடுவே அது மூச்சை விட்டு நிற்பதும்
உதறிக்கொண்டு திரும்ப எழுவதும் கேட்கும்.
வெட்டிவிடலாம் என்றான் ஷிஜாஸ்.
தனி ஆவர்த்தனம், இருக்கட்டும் என்றேன்.

கூடத்துக்காரருக்கு வரிகள் வேண்டுமாம்,
அரபியில், முத்திரையோடு, திங்கட்கிழமைக்குள்.
அப்படித்தான் டைப்பிங் சென்டருக்கு வந்தேன்,
விசா புதுப்பிக்கிறவர்களும்
பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்கிறவர்களும்
டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு,
பாட்டோடு.

மகுதூம் காயல்பட்டினம்.
என் வயதுதான். ஒரு பக்கம் மூன்று தினார்.
முதல் வரியிலேயே நின்றார்:
"இதுல நீன்னு வருதே, ஆம்புளையா பொம்புளையா?"
நீ நீதான் என்றேன்.
"தமிழுக்கு அது போதும். அரபிக்குப் பத்தாது.
ஆம்புளைன்னா அந்த. பொம்புளைன்னா அந்தி.
நடுவுல ஒண்ணும் கெடையாது."

பத்து வருஷமாக நான் ஒளிந்திருந்த எழுத்து.
ஒற்றை எழுத்து, நெடில்.
தூத்துக்குடியிலிருந்து அம்மா கேட்டபோது நீ என்பது கர்த்தர்.
ஷிஜாஸ் கேட்டபோது கடல்.
எதிர் ஃப்ளாட் அக்காவுக்கு ஊரில் யாரோ ஒரு பையன்.
யார் வந்தாலும் அவரவர்க்கு ஒரு நாற்காலி
அதற்குள் கிடந்தது.

ஒன்று: பழைய மேனேஜர். அந்த.
இரண்டு: சம்பளம். சம்பளம் என்ன பால்?
"ராத்திப், ஆண்தான்" என்று அவரே போட்டுக்கொண்டார்.
நான்காவதில் நான் திட்டுவது சூரியனை.
"அரபியில சூரியன் பொம்புளை."
அப்படியா என்று
வரிகளை மனதுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன்.
திட்டு பொருந்தத்தான் செய்தது.

ஏழாவது.
ஒரே துண்டில் இருவர் தலை துவட்டிய குளியலறை
நீ போன பின்னும் காயவில்லை
என்று தொடங்கும்.
கர்ஸர் துடித்துக்கொண்டிருந்தது.
டோக்கன் எழுபத்திரண்டு என்றது ஒலிபெருக்கி,
யாரும் எழவில்லை.
ஷெரின் இப்போது தோஹாவில். புது விசா.
துண்டு என்னிடம் இருக்கிறது.

"அந்தி" என்றேன்.
மகுதூமின் விரல் நின்றது.
"பாடுறது நீங்கதானே?"
ஆமாம்.

எங்கள் பக்கம் அந்தி என்றால் பொழுது,
முஹர்ரக் பாலத்தில் பஸ் ஊரும்போது
வெளிச்சம் போயும் போகாத அந்த அரைமணி.
அதைத்தான் சொன்னேன் என்று தப்பித்திருக்கலாம்.
வாய் வரைக்கும் வந்தது.
அதற்குள் அவர் அடிக்கத் தொடங்கிவிட்டார்.
வலமிருந்து இடமாக நடந்து போனாள்.

வியாழக்கிழமை நீ என்றுதான் பாடுவேன்.
நாற்பத்தோரு பேரும்
அவரவர் நாற்காலியில் உட்காரட்டும்.
காகிதத்தில் மட்டும்,
முத்திரைக்கு மேலே,
ஒரே ஒரு ஆள்.

"எட்டாவது?" என்றார், தலை தூக்காமல்.
எட்டாவதில் நீயே கிடையாது என்றேன்.
அதற்கும் மூன்று தினார்தான்.